‘எதிர்காலம் உண்டு’ சரி, ஆராய்ச்சிக்குப் பணம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கல்விப் பக்கத்தில் பொருளறிவியல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேட்டரி, செமிகண்டக்டர், ஹைட்ரஜன், செயற்கை மூட்டு என்று எதை எடுத்தாலும் அடியில் இருப்பது உலோகம், செராமிக், பிளாஸ்டிக் மாதிரியான பொருள்களின் அமைப்பையும் குணத்தையும் ஆராயும் இந்த மெட்டீரியல்ஸ் சயின்ஸ்தான், படித்தால் நல்ல எதிர்காலம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே படிப்பைப் படித்து, முனைவர் பட்டமும் வாங்கி, சின்னதாக ஓர் ஆய்வகத்தைத் தொடங்கி உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அந்தக் கட்டுரையில் எங்குமே இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் யார் தருகிறார்கள், அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அது தெரியாமல் நான் மூன்று வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். கடிதம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் வெட்டுங்கள், தேடும் முறையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் ஒரு சின்னச் சண்டை. உங்கள் பக்கத்தில் எல்லாமே ‘உதவித்தொகை’தான். மாணவருக்குக் கல்விக் கட்டணம் கொடுத்தாலும் உதவித்தொகை, முனைவர் பட்டம் முடித்தவருக்கு மாதச் சம்பளம் மாதிரி வரும் ஃபெலோஷிப்பும் உதவித்தொகை, கருவி, ரசாயனம், மாணவர் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திட்டத்துக்குக் கொடுக்கும் கிராண்டும் உதவித்தொகை. மூன்றும் வேறு வேறு. ஃபெலோஷிப் ஆளுக்கு வருவது. கிராண்ட், அதாவது நல்கை, வேலைக்கு வருவது. பெரும்பாலும் நிறுவனத்தின் கணக்கில்தான் விழும், கணக்கும் அவர்கள்தான் காட்ட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஃபெலோஷிப் அறிவிப்பைப் பார்த்து, அதில் உலை வாங்கப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொருளறிவியல் என்ற பெயரைப் போட்டுத் தேடினால் நிதி அறிவிப்புகள் கொஞ்சமாகத்தான் கண்ணில் படும். அதைப் பார்த்துவிட்டு இந்தத் துறைக்குக் காசே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பணம் தருகிறவர்களுக்குப் பொருளின் மேல் தனியாக ஒரு பிரியமும் கிடையாது. அவர்களை ஏதோ ஒரு பிரச்சினை உறுத்துகிறது, அந்தப் பிரச்சினையின் பெயரில்தான் அறிவிப்பு வருகிறது. பேட்டரி சீக்கிரம் செத்துப்போகிறது, குழாய் துருப்பிடிக்கிறது, எலும்போடு உலோகம் ஒட்ட மாட்டேன் என்கிறது, சிப் சூடாகிறது, பழைய கற்சிலை காற்றில் அரிக்கிறது, அணு உலைக்குள் எஃகு கதிர்வீச்சில் நொறுங்குகிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு பொருளறிவியல் கேள்விதான். ஆனால் அறிவிப்பின் தலைப்பில் ஆற்றல், நீர், மருத்துவம், மின்னணுவியல், பாரம்பரியப் பாதுகாப்பு என்று இருக்கும். நம் துறையின் பெயர் உள்ளே பதினைந்தாவது பக்கத்தில் ஒரு வரியில் வரும், சில சமயம் அதுவும் வராது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் பொருள் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவு இருந்துவந்திருக்கிறது, எல்லோரும் அங்கேதான் முதலில் போய் நிற்பார்கள். ஆனால் அதே நாட்டில் ஆற்றல் துறையும் விமானப்படை, கடற்படை ஆராய்ச்சி அலுவலகங்களும் இதே துறைக்குக் காலம்காலமாகக் காசு கொடுத்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் கிடக்கும் கப்பலுக்குத் துருவைத் தவிர வேறென்ன பெரிய எதிரி?

ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தைப் பாருங்கள். 2007ல் தொடங்கியது. இன்ன தலைப்பில்தான் எழுத வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை, எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், வேலையை மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதனோடு இணைந்த நாட்டிலோ உள்ள நிறுவனத்தில் செய்ய வேண்டும். இளம் ஆராய்ச்சியாளருக்கான தொடக்க நல்கையே ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை. அப்படிப்பட்ட இடத்தில் ‘பொருள் பொறியியல்’ என்று தனியாக ஒரு மதிப்பீட்டுக் குழு வந்தது 2021ல்தான். அதுவரை நம் ஆட்கள் திடப்பொருள் இயற்பியல் குழுவுக்கோ, வேதியியலும் பொருள்களும் சேர்ந்த குழுவுக்கோ, தயாரிப்புப் பொறியியல் குழுவுக்கோ போக வேண்டியிருந்தது. இப்போதும் பலர் போகிறார்கள். ஒரே மெல்லிய படலத்தைப் பற்றிய ஒரே முன்மொழிவை எடுத்துக்கொண்டு போனால் இயற்பியல்காரர் ‘இதில் புதிய இயற்பியல் என்ன?’ என்பார், வேதியியல்காரர் ‘புதிய சேர்மம் எங்கே?’ என்பார், பொறியாளர் ‘இது எத்தனை மணி நேரம் தாங்கும்?’ என்பார். மூன்றுமே நியாயமான கேள்விகள். ஒரு முன்மொழிவில் மூன்றுக்கும் பதில் சொல்ல முயன்றால் மூன்று குழுவிலும் தோற்கலாம், அது மட்டும் உறுதி. எந்தக் கதவு என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை செராமிக் பூச்சுகள், குறிப்பாக ஆக்சிஜன் அயனியைக் கடத்தும் ஆக்சைடு படலங்கள். மூன்று வருடம் தேடுதளங்களில் ‘செராமிக்’, ‘பூச்சு’, ‘படலம்’ என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததில் பாதிக்கு எனக்குத் தகுதி இல்லை, மீதியில் பாதி முடிந்துபோன அறிவிப்பு. ஒருநாள் ராத்திரி, என் வேலைக்கு மிக நெருக்கமான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது கடைசிப் பக்கத்தில், மேற்கோள் பட்டியலுக்கு மேலே, அந்த நன்றி சொல்லும் பத்தி இருக்குமே, அதை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். அந்த வேலைக்குப் பணம் வந்திருந்தது ஹைட்ரஜன் எரிபொருள் திட்டம் ஒன்றிலிருந்து. திட ஆக்சைடு எரிபொருள் கலத்தின் நடு அடுக்கு, யோசித்தால், நான் தினமும் உலையில் சுடும் அதே சமாச்சாரம்தான். போய்ப் பார்த்தால் அந்தத் திட்டம் இரண்டு சுற்று விண்ணப்பம் வாங்கி முடித்திருந்தது, இரண்டு சுற்றுக்கும் எனக்குத் தகுதி இருந்திருக்கிறது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் நான் தேடும் முறையே தலைகீழாகிவிட்டது. வரப்போகும் அறிவிப்பைத் துரத்துவதை நிறுத்தினேன், ஏற்கெனவே கொடுத்து முடித்த பணத்தைத் துரத்த ஆரம்பித்தேன். என் துறையில் கடந்த நான்கைந்து வருடத்தில் நான் மதிக்கும் முப்பது கட்டுரைகளை எடுத்து, அவற்றின் நன்றிப் பத்திகளை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். அதே நிதியாளர்களின் பெயர் திரும்பத் திரும்ப வரும், பத்துப் பதினைந்துக்கு மேல் போகாது. அதுதான் உங்கள் பட்டியல், வேறு யாருடைய பட்டியலும் உங்களுக்கு உதவாது. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற ஆராய்ச்சிக் கட்டுரைத் தரவுத்தளம் 2008லிருந்தே இந்த நன்றிப் பத்திகளைத் திரட்டிவைக்கிறது, உங்கள் நூலகத்தில் அதற்குச் சந்தா இருந்தால் நிதியாளர் பெயரை வைத்தே தேடலாம். இல்லையென்றாலும் பரவாயில்லை, முப்பது கட்டுரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அடுத்து, கொடுத்த நல்கைகளைப் பெரிய நிதியாளர்கள் பலர் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கார்டிஸ், ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு கெப்ரிஸ், ஜப்பானுக்கு காகென், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்க அறிவியல் அறக்கட்டளைக்கு அதன் விருதுத் தேடல் பக்கம். எல்லாம் இலவசம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, என்ன சுருக்கம் எழுதி வாங்கினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கிறது. ஜெயித்த சுருக்கங்களைப் பத்துப் பதினைந்து படித்தாலே அந்த நிதியாளருக்கு எந்த மொழி பிடிக்கும் என்று தெரிந்துவிடும். ஓரிடத்தில் எல்லாச் சுருக்கமும் ‘ஏன் இப்படி நடக்கிறது என்று புரியவில்லை’ என்று தொடங்கும், இன்னோரிடத்தில் ‘இதனால் இவ்வளவு இழப்பு’ என்று தொடங்கும். தொகையையும் பாருங்கள். வழக்கமாக இரண்டு மாணவர், ஒரு சின்னக் கருவி என்று கொடுக்கிற இடத்தில் போய் எலெக்ட்ரான் நுண்ணோக்கி கேட்டால், முன்மொழிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்ஜெட் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

இன்னொன்று, பலர் கூச்சப்பட்டுச் செய்யாமல் விடுவது. அறிவிப்பின் கீழே ஒரு திட்ட அலுவலரின் பெயர் இருந்தால் அவருக்கு எழுதுங்கள். அரைப் பக்கம் போதும், என் யோசனை இது, உங்கள் திட்டத்துக்கு இது பொருந்துமா, இல்லையென்றால் எங்கே போகலாம் என்று கேளுங்கள். நான் எழுதிய ஏழு மின்னஞ்சலில் நான்குக்குப் பதில் வந்தது, அதில் ஒன்று ‘இங்கே வேண்டாம், பக்கத்துத் திட்டத்துக்கு அனுப்புங்கள்’ என்ற ஒரே வரி. அந்த ஒரே வரி எனக்கு இரண்டு மாத வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

கடைசித் தேதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் எதற்கு) ஆராய்ச்சி அலுவலகம் என்று ஒன்று உண்டு. நிதி அறிவிப்பு வந்தால் எங்களுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அறிவிப்பு வெளியாகி ஆறு வாரம் கழித்து, முடியும் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மின்னஞ்சல் வரும். அதே அலுவலகத்தில் பட்ஜெட்டுக்குக் கையெழுத்து வாங்க இரண்டு வாரம் ஆகும் என்று அந்த மின்னஞ்சலின் அடியிலேயே எழுதியிருக்கும்! இதை யாரும் நகைச்சுவையாகச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. ஆகவே அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். பல திட்டங்கள் வருடா வருடம் அதே மாதத்தில்தான் வரும், போன வருடத் தேதியைப் பார்த்து நாள்காட்டியில் குறித்துவைத்தால் முக்கால் கிணறு தாண்டின மாதிரி. தேதியே இல்லாத திட்டங்களும் இருக்கின்றன. ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் தனிநபர் நல்கைக்கு, அங்கே வேலை செய்கிறவர்கள், வருடத்தில் எந்த நாளும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை புவி அறிவியலின் சில திட்டங்களில் கடைசித் தேதியைத் தூக்கிப் பார்த்தபோது வந்து குவிந்த முன்மொழிவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன. அவசரத்தில் அரைகுறையாக எழுதிப் போடுகிறவர்கள் தேதி இல்லையென்றால் எழுதுவதே இல்லை போலிருக்கிறது. பிறகு பொருள் ஆராய்ச்சிப் பிரிவின் பல திட்டங்களும் அந்த வழிக்கு வந்தன.

அவசரமாகப் போட்டுவைப்போமே, போனால் போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவின் மேரி கியூரி முதுமுனைவர் ஃபெலோஷிப்பில் அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே மதிப்பெண் வாங்கினால் அதே நிறுவனத்தோடு சேர்ந்து அடுத்த வருடம் விண்ணப்பிக்க முடியாது. அங்கே கூட்டம் எப்படி என்றால் 2024ல் 10,360 விண்ணப்பம், 2025ல் 17,058. வயதுக் கணக்கும் இப்படித்தான் ஆளை மாட்டிவிடும். பல இடங்களில் பிறந்த தேதியைப் பார்க்க மாட்டார்கள், முனைவர் பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆச்சு என்றுதான் பார்ப்பார்கள். அதில் விலக்கும் உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தில் தாய்க்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று கூட்டித் தருகிறார்கள். தகுதி முடிந்துவிட்டது என்று தானே முடிவு செய்து விலகிப்போன இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்களை எனக்குத் தெரியும், இருவருக்குமே கதவு திறந்துதான் இருந்தது.

அப்புறம், நல்கை என்றாலே காசு என்று நினைக்கிறோம். நம் துறையில் காசை விடப் பெரியது சில சமயம் கருவி நேரம். சிங்க்ரோட்ரான் என்பது எலெக்ட்ரான்களை வேகமாகச் சுற்றவிட்டு மிகப் பிரகாசமான எக்ஸ்-கதிர் எடுக்கும் பெரிய கருவி, அதன் ஒளிக்கற்றையில் மூன்று நாள் கிடைத்தால் அதை வைத்து ஒரு வருடத்துக்கு எழுதலாம். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானுக்கு வருடத்தில் இரண்டு முறை முன்மொழிவு வாங்குகிறார்கள், முடிவுகளை வெளியிடச் சம்மதிக்கும் ஆராய்ச்சிக்குக் கட்டணம் இல்லை. இத்தாலியில் ட்ரியெஸ்தேயில் எலெட்ரா என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது, அதே ஊரில் அப்துஸ் சலாம் 1964ல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் வளரும் நாட்டு ஆராய்ச்சியாளர்களை எலெட்ராவுக்கு அழைத்துப்போக ஒரு திட்டமே வைத்திருக்கிறது. ஜோர்டானில் 2017ல் திறந்த செசாமி சிங்க்ரோட்ரானில் இஸ்ரேலும் ஈரானும் பாகிஸ்தானும் ஒரே உறுப்பினர் பட்டியலில் இருக்கின்றன, உலகத்தில் வேறெங்கே இதைப் பார்ப்பீர்கள்? சூப்பர் கம்ப்யூட்டர் நேரமும் இதே மாதிரி முன்மொழிவு எழுதித்தான் வாங்குகிறார்கள். இவை இரண்டு, மூன்று பக்க விண்ணப்பங்கள். பெரிய நல்கைக்கு எழுதிப் பழகவும் நல்ல இடம், அடுத்த முன்மொழிவில் ‘இவர்கள் என்னை நம்பி நேரம் கொடுத்தார்கள்’ என்று ஒரு வரி எழுதவும் உதவும்.

ஃபேஷன் பின்னால் ஓடுவதைப் பற்றி எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. 2004ல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பை வைத்து, ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலமான கிராஃபீனைப் பிரித்தது, வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டாகச் செய்யும் சோதனைகளின் வழியில் வந்தது, எந்த நிதியாளரும் அதைக் கேட்கவில்லை. 2010ல் நோபல். 2013ல் ஐரோப்பிய ஒன்றியம் பத்து வருடத்துக்கு 100 கோடி யூரோ என்று கிராஃபீனுக்கென்றே ஒரு பெருந்திட்டம் அறிவித்தது. அந்தக் காலத்தில் சிமெண்ட் ஆராய்ச்சிக்காரர்கூட முன்மொழிவில் ஓரிடத்தில் கிராஃபீன் தூவாமல் அனுப்ப மாட்டார். 2025ல் வேதியியல் நோபலை ராப்சன், யாகியோடு பகிர்ந்துகொண்ட கிதாகாவாவுக்கு ஆரம்ப காலத்தில் நிதி மறுத்தார்கள், அவருடைய பொருள்களால் என்ன பயன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. இன்றைக்கு அந்தப் பொருள்களின் பெயரை, உலோக கரிமக் கட்டமைப்பு என்று தலைப்பில் போட்டால் மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்காருவார். நான் சொல்ல வருவது, அப்போதைக்கு மவுசாக இருக்கும் பெயரை ஒட்டவைத்துக்கொண்டால் நிதி கிடைக்கும் என்று நம்பாதீர்கள், அந்தப் பெயரில் நூறு பேர் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். உங்கள் பொருள் எந்தப் பிரச்சினையைத் தொடுகிறது என்று நேர்மையாகச் சொல்வது வேறு, தூவுவது வேறு. மதிப்பீட்டாளர் இரண்டே பத்தியில் கண்டுபிடித்துவிடுவார், நானும் மதிப்பீடு செய்திருக்கிறேன்.

இதிலே போகும் உழைப்பையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2012ல் ஒரே ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிதிச் சுற்றுக்கு விண்ணப்பம் எழுதியதில் மட்டும் ஆராய்ச்சியாளர்களின் 550 வேலை ஆண்டுகள் போயின என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அதில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டவை. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை ஒரு திட்டத்தில், தகுதியான விண்ணப்பங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் சீட்டுக் குலுக்கியும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. முதலில் கேட்டபோது சிரித்தேன். நான்காவது நிராகரிப்புக் கடிதம் வந்தபோது சிரிப்பு வரவில்லை.

போலிகளும் பெருகிவிட்டன. உங்கள் ஆராய்ச்சிக்கு நல்கை தேர்வாகிவிட்டது, செயலாக்கக் கட்டணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அப்படியே அழித்துவிடுங்கள். நேர்மையான நிதியாளர் விண்ணப்பிக்கக் காசு கேட்பது மிக அபூர்வம், விண்ணப்பிக்காதவருக்கு நல்கை கொடுப்பது அதைவிட அபூர்வம்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு முறை கால் பத்தி இடம் ஒதுக்கி, ஆராய்ச்சி நல்கை அறிவிப்புகளைப் போடுங்கள். தருகிறவர் யார், எந்தப் பிரச்சினைக்கு, பட்டம் வாங்கி எத்தனை வருடத்துக்குள், எந்த நாட்டில் வேலை செய்கிறவருக்கு, முடியும் தேதி என்ன, அவ்வளவு போதும். முடியும் தேதிக்கு ஆறு வாரம் முன்னால் போடுங்கள், முடிந்த மறுநாள் வேண்டாம் (இருமுறை நடந்திருக்கிறது, கத்தரித்து வைத்திருக்கிறேன்). தலைப்பில் உதவித்தொகை என்று போடாமல் நல்கையை நல்கை என்றே போடுங்கள். பொருளறிவியல்காரர்களுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம், ‘துருப்பிடிக்கும் குழாய்க்குத் தீர்வு தேடுகிறார்கள்’ என்று ஒரு வரி இருந்தால் எங்கள் ஆட்கள் தானாக வந்து சேர்ந்துவிடுவார்கள். எந்த அறிவிப்பைப் போடுவது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், என் பட்டியலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர், ஒரு செராமிக் ஆராய்ச்சியாளர்